குதிகாலில் இரண்டு வெட்டு

ஒரு பொம்மையைப் பெட்டியிலிருந்து வெளியே எடுக்க மாப்பிள்ளைக்கு முக்கால் மணி நேரம் பிடிக்கும் என்பது மாமியாருக்கு அந்த ஞாயிற்றுக்கிழமைதான் தெரிந்தது. பிரசவத்துக்குக்கூட இத்தனை ஏற்பாடு நடந்ததில்லை. சாப்பாட்டு மேசையைச் சுவரோரம் தள்ளி, அதன்மேல் வெள்ளைத் தாளை விரித்து, மிச்சத்தைச் சுவரில் ஒட்டி, இரண்டு பக்கமும் மேசை விளக்கு வைத்தாயிற்று. பெட்டியைப் பிரிக்க ஒரு கத்தி, கைக்கு வெள்ளைத் துணி உறை. கைபேசியைத் தாங்கியில் மாட்டிக்கொண்டு மகள் பின்னால் நின்றாள். காலைச் சாப்பாட்டை மூன்று பேரும் சமையலறையில் நின்றபடியே முடிக்க வேண்டியிருந்தது.

"அத்தை, ஒரு பத்து நிமிஷம் மிக்சி போடாதீங்க. சத்தம் விழும்."

"நீங்க சொல்ற பத்து நிமிஷத்துல ஒரு கல்யாணத்தையே முடிச்சிடலாம் மாப்பிள்ளை. சரி, போடல."

மாப்பிள்ளைக்கு லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலை. வாரத்தில் ஆறு நாள் அடுக்குமாடிகளின் உச்சியில், கிரீஸும் கம்பிக் கயிறுமாகப் போகும். ஏழாவது நாள் அவர் வேறு ஆள். ராட்சத ரோபோ பொம்மைகளை எடுத்து வைத்து, மூட்டு எப்படி, வர்ணம் எப்படி, உடன் வரும் ஆயுதங்கள் எப்படி என்று வீடியோ போடுவார். நாற்பதாயிரம் பேர் அதைப் பார்க்கிறார்கள். நாற்பதாயிரம் பேருக்கு வேறு வேலை இல்லையா என்று மாமியார் ஒரே ஒரு முறை மகளிடம் கேட்டாள். மாப்பிள்ளை காதில் விழாமல்தான் கேட்டாள். மகள் வீட்டில் தங்கியிருக்கும் மாமியார் வாயை அடக்கி வைக்க வேண்டும் என்பது அவளுக்கும் தெரியும். தெரிவது ஒன்று, முடிவது ஒன்று.

வெளியே மாப்பிள்ளையின் குரல் வீடியோக் குரலாக மாறியது. "நண்பர்களே, பொம்மை அனுப்பச் சொல்லி நாலு வருஷமா கம்பெனிக்கு எழுதி எழுதிக் கேட்டதுக்கு இன்னைக்குப் பலன் கெடைச்சிருக்கு. முப்பதாம் ஆண்டு சேகரிப்பாளர் பதிப்பு. இதோ, எஃகரசன்!"

சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த கை நின்றது. குழாய் மட்டும் தன்பாட்டுக்கு ஓடியது.

எஃகரசன். அந்தப் பெயரை அவள் முப்பது வருடமாக வாயில் எடுத்ததில்லை. மகளுக்குத் தெரிந்ததெல்லாம், அம்மா ஏதோ பிளாஸ்டிக் கம்பெனியில் பரிசோதனை வேலை பார்த்தாள், துரத்திவிட்டார்கள் என்பது மட்டும். என்ன பொம்மை, என்ன தப்பு என்று அவள் சொன்னதும் இல்லை, பிள்ளைகள் கேட்டதும் இல்லை.

அந்தக் கம்பெனியில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ரிஜெக்ட் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பாதி கிண்டல், பாதி பயம். நாமும் அக்கா என்றே சொல்வோம். பரிசோதனை மேசையில் நான்கு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். அதில் மேலிடத்துக்கு வேண்டாதவள் அக்கா ஒருத்திதான். ஏனென்றால், வண்டி வாசலில் நிற்கிறது, சரக்கு ஏற வேண்டும் என்று மேனேஜர் தலைமேல் வந்து நின்றாலும், நொள்ளைப் பொம்மையை நல்ல பொம்மை என்று சொல்ல அவளுக்கு வாய் வராது. கழித்த பொம்மைக்கு முதலில் சிவப்புத் தாள்தான் ஒட்டினாள். பேக்கிங் பகுதியில் தாளைப் பிய்த்துப் போட்டுவிட்டுப் பெட்டிக்குள் வைத்தார்கள். தாளைத்தானே பிய்ப்பீர்கள் என்று, குதிகாலின் உள்விளிம்பில் பிளேடால் வெட்டுப் போட ஆரம்பித்தாள். மற்ற மூன்று பேரும் அதையே பிடித்துக்கொண்டார்கள். ஒரு வெட்டு என்றால் வர்ணக் கோளாறு. இரண்டு என்றால் மூட்டு, சரி செய்து திருப்பிக் கொண்டு வா. மூன்று என்றால் தேறாது, அரவை மெஷினில் போடு.

அந்த வருடம் எஃகரசனின் இடது இடுப்புத் துளை பெரிதாகிப் போனது. அச்சுத் தேய்ந்திருந்தது. அச்சை மாற்றப் பதினைந்து நாள் ஆகும். அக்கா இரண்டு நாளில் ஆயிரத்துச் சொச்சம் பொம்மைகளைக் கழித்தாள். மூன்றாம் நாள் காலையில் அந்தக் கூடைகள் எல்லாம் காலியாக இருந்தன. சரி செய்ய எடுத்துப் போயிருக்கிறார்கள் என்று நம்பினாள். பொம்மைகள் கடைக்குப் போயிருந்தன. மாதம் முடிவதற்குள் கால் கழன்ற பொம்மைகள் மூட்டை மூட்டையாகத் திரும்பி வந்தன. மேனேஜர் அவளைக் கூப்பிட்டு, "நீ பாஸ் பண்ண சரக்குதானே" என்றான். "குதிகாலைத் திருப்பிப் பாருங்க சார்" என்றாள். திருப்பிப் பார்க்க எதுவும் மிச்சமில்லை. விசாரணைக்கு முந்தின நாளே எல்லாம் அரவை மெஷினில் பொடியாகியிருந்தது. கூட இருந்தவர்கள் தரையைப் பார்த்தார்கள். அவர்களுக்கும் பிள்ளைகுட்டி இருந்தது.

வேலை நீக்கக் கடிதத்தில் ஒரே ஒரு சொல் அவளைக் கொன்றது. கவனக்குறைவு. திருட்டு என்று எழுதியிருந்தால்கூட, போடா, நான் எடுக்கவில்லை என்று சிரித்துக்கொண்டு போயிருப்பாள். அந்தச் சொல்லோடு எந்தத் தொழிற்சாலையிலும் அவளைப் பரிசோதனை மேசையில் உட்கார வைக்கவில்லை. இருபத்திரண்டு வருடம் ஒரு சலவைக் கடையில் துணி மடித்தாள். மடிப்புக் கலையாமல் மடிப்பாள், அதிலும் குறை சொல்ல ஆளில்லை. பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

அக்கா குழாயை மூடிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

மேசைமேல் ஒன்றரை அடி உயரத்தில் அது நின்றது. அதே நீலமும் பழுப்பும், அதே சப்பை மூக்கு. அன்றைக்குக் கம்பெனியில் வேலை பார்த்தவர்கள் அதைத் தடியன் என்று கூப்பிடுவார்கள். தடியனின் முதுகில் ஒரு கண்ணாடிக் குச்சி செருகி, குச்சி ஒரு வட்டப் பலகையில் ஊன்றியிருந்தது. பக்கத்தில் ஆயுதங்கள் வரிசையாக இருந்தன. மாற்றிக்கொள்ள இரண்டு ஜோடிக் கை, இடிச் சம்மட்டி, கேடயம், கழற்றி மாட்டும் இறக்கை, நெஞ்சுக் கதவுக்குள் உட்கார வைக்கக் கட்டைவிரல் அளவு ஒரு ஓட்டுநர்.

மாப்பிள்ளை கையில் ஒரு சிறு புத்தகத்தை வைத்துப் படித்துக்கொண்டிருந்தார். "சீல் பிரிக்காத பழைய பெட்டி ஒண்ணைத் தேடிப் பிடிச்சு, அதுல இருந்த பொம்மையை இம்மி பிசகாம ஸ்கேன் பண்ணி இதைச் செஞ்சிருக்காங்க. குதிகால்ல இருக்கற போர் வடுகூட அப்படியே இருக்கு. அந்த வடுவைப் பத்தி எஃகரசனோட தந்தை என்ன சொல்றாருன்னா, மாதிரிப் பொம்மையைச் செதுக்கி முடிச்ச அன்னைக்கு, என் பேனாக்கத்தியால நானே போட்ட ரெண்டு வெட்டு அது. அதுதான் என் கையெழுத்து."

"யாரு சொன்னது?" என்றாள் அக்கா.

"அத்தை, ரெக்கார்டிங் ஓடுது."

"ஓடட்டும். அந்தப் புஸ்தகத்தை இப்படிக் குடுங்க."

புத்தகத்தில் ஒரு கிழவன் கையைக் கட்டிக்கொண்டு சிரித்தான். தலை நரைத்திருந்தது, வயிறு பெருத்திருந்தது. சிரிப்பு மட்டும் கூடைகள் காலியாக இருந்த அன்றைய காலையில் பார்த்த அதே சிரிப்பு. மேனேஜர்! தந்தையாம். கத்தி பிடித்தானாம். ஒரு பழத்தைக்கூட எடுபிடியை வைத்து நறுக்கித் தின்றவன் அவன்.

அக்கா பொம்மையைக் குச்சியிலிருந்து பிடுங்கினாள். மாப்பிள்ளை, "உறை, உறை!" என்று பதறினார். அவள் வெறுங்கையால் அதைக் கவிழ்த்து, இடது குதிகாலை விளக்குக்குக் காட்டினாள். இரண்டு வெட்டு இருந்தது. கத்தி பட்ட வெட்டல்ல, அச்சிலேயே வார்த்த வெட்டு. இரண்டும் இடப்பக்கம் சாய்ந்திருந்தன.

அவளுக்கு ஒரு கணம் மூச்சே வரவில்லை. பிறகு வந்த மூச்சு கோபமாக வந்தது.

"அடப்பாவி! இது என் வெட்டுடா!"

மகள் தாங்கிக்குப் பின்னாலிருந்து ஓடி வந்தாள். "என்னம்மா? யாரை டா போடற?"

"உன் புருஷனை இல்லடீ. இந்தப் புஸ்தகத்துல இளிக்கறானே, இவனை."

நின்ற நிற்பில் எல்லாவற்றையும் சொன்னாள். சிவப்புத் தாள், பிளேடு, காலிக் கூடை, அரவை மெஷின், கவனக்குறைவு. முப்பது வருடம் பூட்டி வைத்தது பத்து நிமிடத்தில் கொட்டிவிட்டது. மகள் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். மாப்பிள்ளை முகம் மட்டும் இறுகிப் போயிருந்தது.

"கோவிச்சுக்காதீங்க அத்தை. ரெண்டு கோடுதானே? யாரு வேணா போட்டிருக்கலாமே."

"நான் எந்தக் கையால சாப்பிடறேன்?"

"வலது கை."

"பிளேடை எந்தக் கையால பிடிப்பேன்?"

மாப்பிள்ளை யோசித்தார். மகள்தான் சொன்னாள். "இடது கை. காய் நறுக்கறதும் இடது கைதான்."

"மத்த மூணு பேரும் வெட்டினா வலப்பக்கம் சாயும். என்னுது மட்டும் இடப்பக்கம். பீச்சாங்கைக்காரின்னு அதுக்கும் கிண்டல் பண்ணுவாங்க."

அக்கா ஒரு காலி பிளாஸ்டிக் டப்பாவின் மூடியை எடுத்தாள். பெட்டி பிரித்த கத்தியால் விளிம்பில் இரண்டு வெட்டுப் போட்டாள். முப்பது வருடமாகக் குதிகால் வெட்டாத கை தயங்கவே இல்லை. மூடியைக் குதிகாலுக்குப் பக்கத்தில் வைத்தாள். சாய்வும் ஒன்று, இடைவெளியும் ஒன்று.

"இன்னும் கேளுங்க. அவங்க ஸ்கேன் பண்ணது நான் கழிச்ச பொம்மைன்னா கோளாறும் கூடவே வந்திருக்கணும் இல்லையா? இம்மி பிசகாம ஸ்கேன் பண்ணாங்களாமே! பாத்துடுவோம்."

சமையலறையிலிருந்து காய் வெட்டும் பலகையைக் கொண்டு வந்து, ஒரு ஓரத்துக்கு அடியில் தீப்பெட்டியைச் செருகினாள். கம்பெனியிலும் இதே சோதனைதான். விரல்கடை சரிவில் அறுபது எண்ணும்வரை பொம்மை தானாக நிற்க வேண்டும். தடியனைக் குச்சியில்லாமல் பலகையில் நிறுத்தினாள். மகள் சத்தமாக எண்ணினாள். முப்பதில் தடியன் இடப்பக்கம் லேசாக இறங்கினான். நாற்பத்தொன்றில், பஸ்ஸில் தூங்குகிறவன் பக்கத்து ஆள்மேல் சாய்வதைப் போலச் சாய்ந்து, முகம் குப்புற விழுந்தான். இடது கால் தனியே கழன்று மேசைமேல் உருண்டது.

"இப்பத் தெரியுதா எதுக்குக் குச்சி குடுத்தான்னு? எப்பவும் தாங்கியில் மாட்டியே வைக்கவும்னு போட்டிருப்பானே, பாருங்க."

மகள் புத்தகத்தைப் புரட்டினாள். எட்டாம் பக்கத்தில் அப்படியேதான் போட்டிருந்தது. நிற்காது என்று தெரிந்திருக்கிறது, ஏன் நிற்கவில்லை என்று ஒருவனும் யோசிக்கவில்லை. கோளாறையும் கோளாறு என்று போட்ட அடையாளத்தையும் சேர்த்து வார்த்து, வடு, வீரம், கையெழுத்து என்று கதை கட்டியிருக்கிறார்கள். இந்த லட்சணத்தில் சேகரிப்பாளர் பதிப்பாம்.

மாப்பிள்ளை கழன்ற காலைக் கையில் எடுத்துப் பார்த்தார். "அத்தை, நீங்க சொல்றது நிஜமாவே இருக்கலாம். ஆனா இதை நான் வீடியோல சொன்னா இனிமே எந்தக் கம்பெனியும் எனக்குப் பொம்மை அனுப்பாது. என்னென்ன சொல்லணும்னு பதினோரு விஷயம் எழுதியே அனுப்பியிருக்காங்க. அதுல மூணாவதே இந்த வடுதான்."

அக்காவுக்குக் கோபம் தலைக்கேறியது. ஆனாலும் மாப்பிள்ளை. பல்லைக் கடித்துக்கொண்டு மரியாதையாகவே பேசினாள்.

"மாப்பிள்ளை, நீங்க ஒரு லிஃப்டைப் பாக்கறீங்க. கயிறு தேஞ்சிருக்கு. ஓட்டக்கூடாதுன்னு எழுதி மாட்டிட்டு வர்றீங்க. எவனோ அந்த அட்டையை மறைச்சு ஆளை ஏத்தி அனுப்பறான். லிஃப்ட் விழுது. கடைசில உங்களைக் கூப்பிட்டு, நீதான் ஒழுங்காப் பாக்கலன்னு எழுதிக் குடுத்து அனுப்பறான். என்ன பண்ணுவீங்க?"

"சும்மா விடமாட்டேன்."

"நான் சும்மா விட்டேன். காட்டறதுக்கு என்கிட்ட ஒரு குதிகால் இல்ல. இன்னைக்குத்தான் கெடைச்சிருக்கு. அதையும் வடு, வீரம்னு சொல்லி நீங்களே விப்பீங்களா?"

 மாப்பிள்ளை கழன்ற காலின் குதியில் கட்டைவிரலை வைத்துத் தடவிக்கொண்டிருந்தார். ரொம்ப நேரம் தடவினார்.

"எனக்கு எட்டு வயசுல அப்பா இதை வாங்கிக் குடுத்தாரு" என்றார் கடைசியில். வீடியோக் குரல் எங்கேயோ போயிருந்தது. "அதுலயும் இந்த வெட்டு இருந்துச்சு. தூங்கறப்பகூட இதுல நகத்தை வெச்சுத் தடவிட்டே இருப்பேன். இவங்க வடுவையும் அப்படியே செஞ்சிருக்காங்கன்னு கேட்டதும் எனக்கு அவ்வளவு சந்தோஷம். நாலாவது நாள் கால் கழண்டு வந்துடுச்சு. உடைச்சிட்டியான்னு பெல்ட்டை எடுத்துட்டாரு. நான் ஒண்ணுமே பண்ணலப்பான்னேன். பொய் சொன்னதுக்கும் சேத்து அடி. அப்புறம் எனக்கே தோணிடுச்சு, நான்தான் முறுக்கியிருப்பேன்னு."

 அக்கா அவருடைய கைகளைப் பார்த்தாள். முப்பத்தெட்டு வயசு ஆள், பொம்மையைத் தொட வெள்ளை உறை.

"நீங்க முறுக்கல மாப்பிள்ளை. துளை பெருசு. யாரு கையில குடுத்திருந்தாலும் நாலு நாள்தான்."

மாப்பிள்ளை உறைகளைக் கழற்றி மேசைமேல் போட்டார். "முதல்ல இருந்து எடுப்போம்" என்றார் மனைவியிடம். "அத்தை, நீங்க நடுவுல உக்காருங்க."

"ஐயோ, நானா? இந்தப் புடவையோடயா?"

"அம்மா, அவன் அந்த வயித்தோடயே போட்டோவுல நிக்கறான். நீ உக்காரு" என்றாள் மகள்.

அக்கா உட்கார்ந்தாள். முதல் இரண்டு நிமிடம் முந்தானையையே சரி செய்துகொண்டிருந்தாள். பொம்மை கைக்கு வந்ததும் பழைய மேசை ஞாபகத்துக்கு வந்துவிட்டது. அதற்கப்புறம் அவளை நிறுத்த ஆளில்லை.

"சம்மட்டி. பாக்க நல்லாத்தான் இருக்கு. கையில மாட்டினா மணிக்கட்டு தொங்குது பாருங்க. ஆயுதத்தைத் தூக்க முடியாதவன் என்னத்தைச் சண்டை போடுவான்? கேடயம். இதுல குறை இல்ல, முளை கச்சிதமா உக்காருது. இதைச் செஞ்சவங்க யாரோ வேலை தெரிஞ்சவங்க, அவங்களை நான் குறை சொல்லமாட்டேன். இறக்கை. ஒரு பக்கம் இறுக்கம், ஒரு பக்கம் லூசு. ஓட்டுநர். கதவைத் தொறந்தா கீழ விழறான். முகத்துல கண்ணு ஒரு பக்கமாப் போயிருக்கு. அன்னைக்கா இருந்தா ஒரு வெட்டு போட்டிருப்பேன்."

பிறகு கழன்ற காலைத் திரும்ப மாட்டி, தீப்பெட்டிப் பலகையில் தடியனை நிறுத்தினாள். கேமரா முன்னால் மறுபடி நாற்பத்தொன்று எண்ணினார்கள், மறுபடி விழுந்தான். டப்பா மூடியைக் குதிகாலோடு வைத்துக் காட்டினாள். நடந்ததைச் சொன்னாள். மேனேஜரைத் திட்டவில்லை. திட்டினால் ஜனங்கள் திட்டைத்தான் ரசிப்பார்கள், வெட்டை மறந்துவிடுவார்கள் என்று அவளுக்குத் தெரியும். "இந்த வெட்டைத் தானே போட்டதாப் புஸ்தகத்துல அவரு சொல்றாரு. நல்லது. அப்ப இதுக்கு என்ன அர்த்தம்னு அவர்கிட்டயே கேளுங்க" என்று மட்டும் சொன்னாள். நுணலும் தன் வாயால் கெடும்.

முடிவில் மாப்பிள்ளை தன் வழக்கப்படி கேட்டார். "அத்தை, எல்லாம் சேத்து பத்துக்கு எத்தனை மார்க் போடுவீங்க?"

"எனக்கு மார்க்கெல்லாம் போடத் தெரியாது மாப்பிள்ளை. பாஸ், இல்லன்னா ரிஜெக்ட். இந்தப் பொம்மைக்கு நான் முப்பது வருஷம் முன்னாடியே போட்டுட்டேன். வாங்கினவங்க எல்லாரும் இடது குதிகாலைத் திருப்பிப் பாத்துக்குங்க."

வீடியோ அன்று மாலையே போனது. மறுநாள் விடிந்தபோது மாப்பிள்ளையின் கைபேசி குதிகாலாக நிறைந்திருந்தது. முன்பதிவில் வாங்கியவர்கள் தங்கள் தடியனைக் கவிழ்த்துப் படம் எடுத்து அனுப்பியிருந்தார்கள். சிலர் தீப்பெட்டிச் சோதனையும் செய்திருந்தார்கள். ஒருவருடையது முப்பத்தாறிலேயே விழுந்துவிட்டதாம். அக்கா மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு குதிகாலாகப் பார்த்தாள். எல்லாவற்றிலும் அவள் கை இருந்தது. சாட்சி சொல்ல ஒன்றுகூட இல்லை என்று அழுதவளுக்கு, கம்பெனி தன் காசிலேயே ஆயிரக்கணக்கில் அச்சடித்துக் கொடுத்திருந்தது.

செவ்வாய்க்கிழமை கம்பெனியின் விளம்பரப் பிரிவிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள். குரல் தேன் மாதிரி இருந்தது.

"மேடம், உங்களை நாங்க ரொம்ப மதிக்கறோம். அடுத்த பதிப்போட புத்தகத்துல, வடுவின் சிற்பின்னு போட்டு உங்க படத்தை வெக்கறோம். அந்த வீடியோவை மட்டும் எடுத்துடச் சொன்னா நல்லாருக்கும்."

"ஏம்மா, நான் கழிச்ச பொம்மையை என் மூஞ்சியைப் போட்டே விக்கப் போறீங்களா?"

"அப்படி இல்ல மேடம். உங்களுக்கு என்ன வேணும்னு சொல்லுங்க."

"கவனக்குறைவுன்னு எனக்கு ஒரு லெட்டர் குடுத்தீங்க. அது தப்புன்னு ஒரு லெட்டர் குடுங்க. ஒரு வரி போதும்."

"அந்தக் காலத்து ஃபைல் எதுவுமே எங்ககிட்ட இல்லையே மேடம்."

"பொம்மை குதிகால்ல இருக்கற கீறல் வரைக்கும் பத்திரமா இருக்கு, நான் வேலை பாத்த ஃபைல் மட்டும் இல்லையா? போனை வைம்மா. உன்மேல எனக்குக் கோபம் இல்ல. நீ இன்னொருத்தன் எழுதிக் குடுத்ததைப் படிக்கற."

அக்கா போனை வைத்தாள். வீடியோ இருக்கட்டுமா என்று மாப்பிள்ளையைக் கேட்க வாய் வரவில்லை. அவரே சொன்னார். "எடுக்கமாட்டேன் அத்தை. பொம்மை அனுப்பாட்டிப் போகட்டும். கடையில வாங்கிக்கறேன்."

வியாழக்கிழமை ஒரு குரல் செய்தி வந்தது. வயதான பெண் குரல், நடுவில் இருமல். மகள் சத்தத்தைக் கூட்டி வைத்தாள்.

"ரிஜெக்ட் அக்கா, என்னை ஞாபகம் இருக்கா? பேக்கிங்ல ரெண்டாவது மேசை. உங்க வெட்டைப் பாத்துட்டுத்தான் பெட்டிக்குள்ள வெச்சேன் அக்கா. குதிகால் தெரியாத மாதிரி வெக்கச் சொல்லி மேனேஜர் பக்கத்துலயே நின்னாரு. விசாரணையில கேட்டப்ப தெரியாதுன்னு சொன்னேன். தெரியும். இதை நீங்க யாருக்கு வேணாலும் போட்டுக் காட்டுங்க."

அக்கா செய்தியை மூன்று தடவை கேட்டாள். மூன்றாவது தடவை முடிந்ததும், "இப்ப வந்து சொல்றா, படுபாவி! முப்பது வருஷம் கழிச்சு!" என்று கத்தினாள். கத்தி முடித்துவிட்டு அழுதாள். அழுது முடித்து மூக்கைச் சிந்திக்கொண்டு, "இருமறா பாரு, மருந்து சாப்பிடறாளா என்னமோ" என்றாள்.

பிறகு உள்ளே போய்த் தன் பெட்டியின் அடியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்து வந்தாள். நாலாக மடித்த தாள், மடிப்பில் மஞ்சளேறியிருந்தது. மேசைமேல் விரித்து வைத்தாள். மகள் அந்தக் கடிதத்தைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை. ஒரு வரி விடாமல் படித்தாள். அந்தச் சொல் வந்த இடத்தில் அவள் விரல் நின்றது.

"இதை ஏம்மா இன்னும் வெச்சிருக்க?"

"கோளாறு என்னன்னு குறி போடாம எதையும் தூக்கிப் போடக்கூடாதுடீ. கத்தியை எடு."

மகள் பெட்டி பிரிக்கும் கத்தியை எடுத்துக் கொடுத்தாள். அக்கா அதை இடது கையில் வாங்கினாள். மேனேஜர் கையெழுத்துப் போட்டிருந்த மூலையைப் பலகைமேல் அழுத்திப் பிடித்து, தாளின் விளிம்பில் ஒரு வெட்டுப் போட்டாள். இன்னொரு வெட்டுப் போட்டாள். மகள் கத்தியைத் திரும்ப வாங்கக் கையை நீட்டினாள். அக்கா கொடுக்கவில்லை.

"அதான் ரெண்டு ஆச்சேம்மா."

"ரெண்டுன்னா சரி பண்ணித் திருப்பிக் கொண்டாரலாம்னு அர்த்தம்" என்று சொல்லிவிட்டு, அக்கா மூன்றாவது வெட்டையும் போட்டாள்.